படித்த கணக்கை ஒழுங்காக எழுதுவது எது? நான்கு நியூஸ் ரீடர்கள்

"அண்ணாச்சி, நேத்து படிச்சு முடிச்சதெல்லாம் இன்னைக்குத் திரும்பப் புதுசா வந்து கெடக்கு." யூஸ்நெட் என்ற இணைய விவாதக் குழுக்களின் மெசேஜ்களைப் படிக்க உதவும் மென்பொருள்தான் நியூஸ் ரீடர். அதைப் போட்டுக்கொடுத்தவரைத் தேடி முதல் மாதத்துக்குள் வந்துவிடும் புகார் இது. இதற்கு நேர் எதிரானது இன்னும் மோசம்: குழுவில் நாலு நாளாக வாக்குவாதம் அனல் பறக்கிறது, இங்கே திரையில் ஒரு வரி வரவில்லை. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். எதைப் படித்தோம், எதை விட்டோம் என்ற கணக்கை அந்த மென்பொருள் எங்கே, எப்படி எழுதி வைக்கிறது என்பதில்தான் கோளாறு. நிறம், ஐகான், எழுத்தின் அழகு எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, இந்த ஒரு வேலைக்காக மட்டும் தண்டர்பேர்ட், பான், எஸ்எல்ஆர்என், க்னூஸ் ஆகிய நான்கையும் இங்கே எடை போட்டிருக்கிறது. நான்கும் இலவசம், நான்கும் லினக்ஸில் ஓடும்.

அவசரக்காரர்களுக்கு முடிவு முதலிலேயே: கணக்கு சுத்தமாக இருக்க வேண்டும், கட்டளைகளைத் தட்டி ஓட்டும் கறுப்புத் திரைக்குப் (டெர்மினல்) பயமில்லை என்றால் எஸ்எல்ஆர்என். மவுஸ் வேண்டும், இரண்டு சர்வர் வைத்திருக்கிறீர்கள் என்றால் பான். ஏற்கெனவே மெயிலுக்குத் தண்டர்பேர்ட் வைத்திருப்பவர் அதிலேயே இருக்கலாம், ஆனால் கீழே சொல்லியிருக்கும் இரண்டு மூன்று செட்டிங்கைத் தொடாமல் குழுவைத் திறக்க வேண்டாம். க்னூஸ், ஈமேக்ஸ் என்ற எடிட்டரிலேயே குடியிருப்பவர்களுக்கு மட்டும்.

இப்போது இந்தப் பேச்சு ஏன் என்றால், 2024 பிப்ரவரி 22 முதல் கூகுள் குரூப்ஸ் யூஸ்நெட்டின் புதிய மெசேஜ்களை எடுப்பதை நிறுத்திவிட்டது. அதுவரை பிரவுசரில் ஓசியாகப் படித்தவர்களும் இனி ஒரு ரீடரும் ஒரு சர்வரும் தேட வேண்டியதாயிற்று. வெறும் எழுத்து மெசேஜ்கள் மட்டும் ஓடும் குழுக்களுக்கு எடர்னல் செப்டம்பர் என்ற சர்வர் இலவசமாகப் பதிந்துகொள்ளும். ஓப்பன் சோர்ஸ் மெயிலிங் லிஸ்ட்களை நியூஸ்குரூப் மாதிரியே காட்டும் ஜிமேன் சர்வரைப் படிக்கப் பதிவே வேண்டாம். பாளையங்கோட்டையிலும் அபிஷேகப்பட்டியிலும் கம்ப்யூட்டர் படிக்கிற பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் அதிகம் உதவும். இன்பாக்ஸை நிறைக்காமல் பெரிய லிஸ்ட்களைப் பின்தொடரலாம்.

டோக்கன் நம்பரும் கார்டு நம்பரும்

பொங்கல் பரிசுக்கு ரேஷன் கடையில் டோக்கன் கொடுப்பார்கள். மேலப்பாளையம் கடையின் 42-ம் நம்பரும் பேட்டை கடையின் 42-ம் நம்பரும் ஒரே ஆள் இல்லை. ஆனால் ஒருவருடைய ஸ்மார்ட் கார்டு நம்பர் எந்தக் கடைக்குப் போனாலும் அதேதான். யூஸ்நெட்டில் ஒவ்வொரு மெசேஜுக்கும் இந்த மாதிரி இரண்டு அடையாளம் உண்டு. மெசேஜ் ஐடி என்பது கார்டு நம்பர். உலகம் முழுக்க ஒன்று. ஆர்ட்டிகிள் நம்பர் என்பது டோக்கன். ஒவ்வொரு சர்வரும் தனக்கு மெசேஜ் வந்து சேர்ந்த வரிசையில், குழு வாரியாக, தானே போட்டுக்கொள்வது.

ரீடர்கள் கணக்கு எழுதுவது டோக்கன் நம்பரில். கார்டு நம்பரில் இல்லை. பாதிக் குழப்பம் இங்கேயே தொடங்குகிறது.

ஏன் அப்படி? இடம். ஒரு மெசேஜ் ஐடி நாற்பது ஐம்பது எழுத்து போகும். ஐந்து லட்சம் மெசேஜ் படித்தவர் அத்தனை ஐடியையும் எழுதி வைத்தால் ஃபைல் பல எம்பி ஆகும். டோக்கன் நம்பரில் எழுதினால் "1-500000", எட்டே எழுத்து. லாரி வால் 1984-ல் ஆர்என் என்ற ரீடரை வெளியிட்ட காலத்திலேயே இந்த எழுத்துமுறை புழக்கத்தில் இருந்தது. டிஸ்க் இடம் பொன் மாதிரி இருந்த நாட்கள். நாற்பது வருஷமாகியும் அதே ஃபைல், அதே வடிவம். பெயர் நியூஸ்ஆர்சி.

உதாரணத்துக்கு அதில் ஒரு வரி:

காம்ப்.லேங்.சி: 1-4820,4822-4901,4903-5110

குழுவின் பெயர், முக்காற்புள்ளி, ஒரு இடைவெளி, பிறகு படித்த நம்பர்கள். முக்காற்புள்ளி இருக்கும் இடத்தில் ஆச்சரியக்குறி இருந்தால் அந்தக் குழுவுக்கு நீங்கள் சந்தா விட்டுவிட்டீர்கள் என்று பொருள். கணக்கு மட்டும் அப்படியே இருக்கும். "படிக்காதது" என்று எங்கும் எழுதுவதில்லை என்பதைக் கவனியுங்கள். இடைவெளிதான் படிக்காதது. மேலே உள்ள வரியில் 4821, 4902 இரண்டும் விடுபட்டிருக்கின்றன, அவைதான் பாக்கி.

குழுவைத் திறக்கும்போது ரீடர் சர்வரிடம் அந்தக் குழுவின் பெயரைச் சொல்லும். சர்வர் இப்படிப் பதில் தரும்:

211 312 4799 5110 காம்ப்.லேங்.சி

211 என்றால் சரி, குழு இருக்கிறது. 312 சர்வரிடம் இருக்கும் மெசேஜ்களின் உத்தேச எண்ணிக்கை. 4799 மிகப் பழையது, 5110 மிகப் புதியது. ரீடர் இந்தப் பக்கம் தன் வரியை வைத்துக்கொண்டு கழித்துப் பார்க்கும். 4799-க்குக் கீழே இருப்பவை சர்வரில் காலாவதியாகிவிட்டன. அவற்றைப் படித்ததாகவே எடுத்துக்கொள்ளும். மிச்சம் இரண்டு. பட்டியலில் குழுவின் பக்கத்தில் 2 என்று வரும்.

மெயிலில் பழகியவர்கள் இங்கேதான் ஏமாறுவார்கள். ஐமேப் மெயிலில் "படித்தாயிற்று" என்ற குறி சர்வரிலேயே உட்கார்ந்திருக்கும். போனில் படித்தால் லேப்டாப்பிலும் படித்ததாகிவிடும். நியூஸ் சர்வருக்கு நீங்கள் எதைப் படித்தீர்கள் என்ற கணக்கே கிடையாது. கணக்கு நோட்டு உங்கள் கம்ப்யூட்டரில் மட்டும். இதில் ஒரு லாபமும் உண்டு: மெசேஜ்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால், மலையடிவாரத்தில் சிக்னல் இல்லாத ஊரில் உட்கார்ந்து படித்தாலும் கணக்கு சரியாக ஏறும்.

பேய் எண்ணிக்கை

குழுவின் பக்கத்தில் 3 என்று நிற்கும், உள்ளே போனால் ஒன்றும் இருக்காது. வெளியே வந்தால் திரும்ப 3. இந்தச் சவத்தை என்ன செய்ய என்று தலையைச் சொறிவார்கள்.

காரணம் எளிது. 4821-ம் மெசேஜை எழுதியவரே ரத்து செய்திருப்பார், அல்லது ஸ்பாம் என்று சர்வர் தூக்கியிருக்கும். டோக்கன் போனது போனதுதான். அந்த நம்பர் காலி. ரீடர் கழித்தல் கணக்கு மட்டும் போட்டால் 4821 இன்னும் பாக்கி என்றே சொல்லும். சர்வர் தரும் 312-ம் உத்தேசமே என்பதால் அதை வைத்தும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. ஒழுங்கான ரீடர், குழுவைத் திறந்து தலைப்புகளை இறக்கும்போது எந்த நம்பர்கள் வரவில்லை என்று பார்த்து, அவற்றைப் படித்ததாக எழுதி ஓட்டையை அடைக்கும். இந்த அடைப்பு வேலையில்தான் நான்கு ரீடர்களும் வேறுபடுகின்றன.

எஸ்எல்ஆர்என்

டெர்மினலில் ஓடும் ரீடர். கணக்கு ஃபைல் வீட்டு ஃபோல்டரில் ஜேநியூஸ்ஆர்சி என்ற பெயரில், முன்னால் ஒரு புள்ளியோடு, ஒரே ஃபைலாக இருக்கும். எந்த எடிட்டரிலும் திறக்கலாம், கண்ணால் பார்த்தே புரியும். கணக்கில் சந்தேகம் வந்தால் நோட்டை விரித்துப் பார்க்க முடிகிறது என்பதே இதற்கு முதல் மதிப்பெண் கொடுக்கக் காரணம்.

மெசேஜ் பட்டியலில் சின்ன டி அழுத்தினால் படித்தது, சின்ன யு அழுத்தினால் படிக்காதது. குழுப் பட்டியலில் சின்ன சி, குழு முழுவதையும் படித்ததாக்கும். தவறிப்போய் அழுத்திவிட்டால் எஸ்கேப் தட்டி யு; குழு முழுவதும் படிக்காததாகத் திரும்பும். ஆனால் "திரும்பும்" என்றால் பழைய நிலைக்கு என்று அர்த்தமில்லை. எல்லாமே படிக்காததாகும். முன்பு எவை பாக்கி என்ற விவரம் போய்விடும். அந்த விவரம் வேண்டுமென்றால் ஃபைலின் பழைய நகல்தான் கதி.

முக்கியமான குறை: கணக்கை வெளியேறும்போதுதான் ஃபைலில் எழுதுகிறது. இரண்டு மணி நேரம் படித்துக்கொண்டிருக்கையில் கரண்ட் போய், யூபிஎஸ்ஸும் இல்லையென்றால், அந்த இரண்டு மணி நேரக் கணக்கு போச்சு. குழுப் பட்டியலில் கேபிடல் எக்ஸ் அழுத்தினால் உடனே எழுதிவிடும். ஒவ்வொரு குழுவை முடித்ததும் எக்ஸ் தட்டுவதை விரலுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

முதல்முறை ஓட்டும்போது கிரியேட் என்ற ஆப்ஷனோடு தொடங்க வேண்டும். அப்போது சர்வரில் உள்ள எல்லாக் குழுக்களின் பெயரும் ஆச்சரியக்குறியோடு ஃபைலில் ஏறிவிடும்; பெரிய சர்வர் என்றால் பல்லாயிரம் வரிகள். செட்டிங் ஃபைலில் ரைட்_நியூஸ்ஆர்சி_ஃப்ளாக்ஸ் என்பதை 1 என்று வைத்தால் சந்தா இல்லாத குழுக்களை எழுதாமல் விடும். ஃபைல் சிறுக்கும். அதற்கு விலை, சந்தாவை விட்டுவிட்டு ஆறு மாதம் கழித்து அதே குழுவுக்குத் திரும்பினால் பழைய கணக்கு இருக்காது. மதிப்பு 2 நடுவழி: சந்தா இல்லாத, எதுவும் படிக்காத குழுக்களை மட்டும் விடும். பெரும்பாலோருக்கு 2 போதும்.

இன்னொன்று. ஸ்கோர் ஃபைல் (மெசேஜ்களுக்கு மதிப்பெண் போட்டு வடிகட்டும் விதிகள்) போட்டு ஒருவருடைய மெசேஜ்களைக் கொன்றுவிட்டால், அதாவது கண்ணில் படாமல் செய்துவிட்டால், அவை கணக்கில் படித்ததாக ஏறும். நாளைக்கு மனம் மாறி ஸ்கோரை நீக்கினாலும் பழையவை தானாகத் திரும்பாது. நியூஸ்ஆர்சியில் "படித்தது" என்பதற்கு உண்மையான பொருள் "மறுபடி காட்டாதே" என்பதுதான். கண் பட்டதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது.

தண்டர்பேர்ட்

அநேகம் பேர் பயன்படுத்துவது இதைத்தான், அநேகம் பேர் புலம்புவதும் இதைப் பற்றித்தான். மெயிலும் நியூஸும் ஒரே ஜன்னலில் இருப்பது வசதி. எம் அழுத்தினால் படித்தது-படிக்காதது மாறும். ஆர் அழுத்தினால் அந்த உரையாடல் முழுவதும் படித்ததாகும். ஷிஃப்ட்டோடு சி என்றால் குழு முழுவதும். வெறும் சி அழுத்தினால் தேதி கேட்கும்: எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை படித்ததாக்க வேண்டும் என்று. இந்தக் கடைசி வசதி பொன் மாதிரி. ஏன் என்று கீழே சர்வர் மாற்றும் இடத்தில் சொல்கிறோம்.

இப்போது தொல்லைகள். புதுக் குழுவை முதலில் திறக்கும்போது மெசேஜ் அதிகம் என்றால் எத்தனை இறக்கவேண்டும் என்று ஒரு பெட்டி வரும். 500 என்று போட்டிருக்கும். அதன் கீழே மிச்சத்தைப் படித்ததாக்கு என்று ஒரு டிக். அவசரத்தில் அதைத் தட்டினால் பழைய மெசேஜ் அத்தனையும் கணக்கில் ஏறிவிடும். அப்புறம் பழைய விவாதத்தைத் தேடுகிறவருக்கு "காணோம்" என்று தோன்றும். மெசேஜ் அழியவில்லை, படித்த பக்கம் தள்ளப்பட்டிருக்கிறது, அவ்வளவே.

அடுத்தது, மெசேஜை இரண்டு விநாடி எட்டிப் பார்த்தாலே படித்ததாகிவிடும் தொல்லை. செட்டிங்ஸில் படிப்பதும் காட்டுவதும் பற்றிய பகுதிக்குப் போனால், காட்டிய உடனேயா அல்லது இத்தனை விநாடி கழித்தா என்று கேட்கும். விநாடி முறையைத் தேர்ந்தால் 5 என்று இருக்கும். அம்புக்குறியால் பட்டியலில் ஓடிக்கொண்டே தேடும் பழக்கம் உள்ளவர்கள் அதையே வைத்துக்கொள்ளலாம்.

மூன்றாவதாக, வியூ மெனுவில் படிக்காதவை மட்டும் என்று வைத்துவிட்டு மறந்துபோவார்கள். படித்த மெசேஜ் அடுத்த முறை திறக்கும்போது மறைந்திருக்கும். "தானா அழிச்சிட்டு" என்று பழி வரும். வியூ, த்ரெட்ஸ், ஆல் என்று மாற்றினால் எல்லாம் இருக்கும்.

பேய் எண்ணிக்கை இதில்தான் அடிக்கடி தலைகாட்டும். தண்டர்பேர்ட் ஒரே விஷயத்தை இரண்டு இடத்தில் வைத்திருக்கிறது: ஒன்று நியூஸ்ஆர்சி ஃபைல், மற்றது ஒவ்வொரு குழுவுக்கும் எம்எஸ்எஃப் என்று முடியும் ஓர் அட்டவணை ஃபைல். இரண்டும் ஒத்துப்போகாதபோது எண்ணிக்கை பிசகும். குழுவின் மேல் வலது கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், அதில் ரிப்பேர் ஃபோல்டர். அட்டவணை புதிதாக எழுதப்படும், தலைப்புகள் திரும்ப இறங்கும். மொபைல் ஹாட்ஸ்பாட்டில் இருப்பவர் பெரிய குழுவுக்கு இதைச் செய்யும் முன் டேட்டா பாக்கியைப் பார்த்துக்கொள்ளவும்.

கணக்கு ஃபைலைத் தேட வேண்டுமானால் அக்கவுண்ட் செட்டிங்ஸில் அந்த நியூஸ் சர்வரின் பக்கத்திலேயே அதன் பாதை எழுதியிருக்கும். விண்டோஸில் சர்வர் பெயரோடு ஆர்சி என்று முடியும். லினக்ஸில் நியூஸ்ஆர்சி என்று தொடங்கி ஒரு கோடு, பிறகு சர்வர் பெயர்.

கல்லூரி லேபிலோ ஹாஸ்டலிலோ நாலு பேர் ஒரே லாகினில் ஒரே தண்டர்பேர்டைத் திறந்தால், முதலில் வந்தவர் படித்ததெல்லாம் மற்ற மூன்று பேருக்கும் படித்ததாகிவிடும். ஆளுக்கொரு ப்ரொஃபைல் போடுவதுதான் வழி. ப்ரொஃபைலுக்கு ஒரு நியூஸ் ஃபோல்டர், ஆளுக்கு ஒரு கணக்கு. இதைப் பத்து நிமிடத்தில் முடிக்கலாம். செய்யாமல் விட்டுச் சண்டை போடுவதற்குத்தான் நேரம் அதிகம் போகும்.

பான்

பான் ஒரே மெசேஜ் இரண்டு சர்வரிலிருந்து வந்தால் மெசேஜ் ஐடியைப் பார்த்து ஒன்றாகச் சேர்த்துக் காட்டும். ஒருமுறை படித்தால் இரண்டு சர்வரின் டோக்கன் நம்பரையும் அந்தந்த ஃபைலில் எழுதிவிடும். வீட்டு ஃபோல்டரில் புள்ளி, பான்2 என்ற ஃபோல்டருக்குள் நியூஸ்ஆர்சி-1, நியூஸ்ஆர்சி-2 என்று சர்வருக்கு ஒன்றாக இருக்கும். சர்வர் ஒன்று படுத்துவிட்டாலும் இன்னொன்றில் கணக்கு அறுபடாமல் ஓடுவது இந்த நான்கில் இதற்கே கைவந்த கலை.

ப்ரிஃபரன்ஸில் இரண்டு டிக் மட்டும் கவனம்: குழுவை விட்டு வெளியேறும்போது முழுவதையும் படித்ததாக்கு என்பது ஒன்று, புதுத் தலைப்புகளை எடுக்கும் முன் பழையதைப் படித்ததாக்கு என்பது மற்றொன்று. ஒரு நாளைக்குப் பல நூறு மெசேஜ் வரும் குழுவுக்கு இவை சரி. தினம் நாலு மெசேஜ் வரும் குழுவில் இவற்றை ஆன் செய்துவிட்டு, எட்டிப் பார்த்து வெளியே வந்தால் நாலும் போய்விடும்.

க்னூஸ்

ஈமேக்ஸுக்குள் ஓடுவது. மற்ற மூன்றும் கறுப்பு-வெள்ளையாக எழுதும் கணக்கை இது பல நிறத்தில் எழுதும். ஆச்சரியக்குறி போட்ட மெசேஜ் எத்தனை முறை பார்த்தாலும் திரும்ப வந்து நிற்கும். பதில் எழுத வேண்டியவற்றுக்குத் தோதானது. கேள்விக்குறி போட்டவை உறங்கும், யாராவது பதில் எழுதினால் மட்டும் எழுந்து வரும். கண்ணால் படித்தது கேபிடல் ஆர், கையால் படித்ததாக்கியது சின்ன ஆர், மொத்தமாகத் தள்ளியது கேபிடல் சி, கொன்றது கே, ஸ்கோர் குறைந்து போனது ஒய். இத்தனை நுணுக்கம் பழைய நியூஸ்ஆர்சி வடிவத்தில் அடங்காது என்பதால், இஎல்டி என்று முடியும் தனி ஃபைல் ஒன்று வைத்திருக்கிறது. அது லிஸ்ப் மொழியில் இருக்கும். கையால் திருத்தப் போனால் ஒரு அடைப்புக்குறி தவறினாலும் மொத்தமும் வாசிக்காது. கூடவே சாதாரண நியூஸ்ஆர்சியையும் எழுதுகிறது. வேறு ரீடர் எதுவும் பயன்படுத்தாதவர், அந்தச் சாதாரண ஃபைலை எழுதுவதையும் படிப்பதையும் நிறுத்தி வைத்தால் தொடங்குவது வேகமாகும்.

கரண்ட் விஷயத்தில் நான்கில் இதுவே புத்திசாலி. நடப்பதையெல்லாம் ட்ரிபிள் என்ற துணை ஃபைலில் குறித்துக்கொண்டே வரும். அது டிஸ்க்கில் ஏறிய வரைக்கும் கணக்கு தப்பும். பாதியில் மெஷின் நின்றால் அடுத்த முறை திறக்கும்போது அதைப் படிக்கட்டுமா என்று கேட்கும். ஆம் சொல்லுங்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பிறகு கணக்கைத் தேடுபவர்கள்தான் அதிகம்.

குழுவை விட்டு வெளியே வருகையில் சின்ன க்யூ அழுத்தினால் கணக்கு எழுதப்படும். கேபிடல் க்யூ என்றால் எதையும் எழுதாமல் வெளியேறும். கேப்ஸ் லாக் விளக்கு எரிவதைக் கவனிக்காதவர், படித்ததெல்லாம் திரும்ப வருகிறதே என்று முழு மென்பொருளையும் கழற்றி மாட்டுவார். குறிப்பிட்ட குழுவின் கணக்கை முழுவதும் துடைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க, குழுப் பட்டியலில் மெட்டா விசையோடு சி.

குறுக்குப் பதிவு, அதாவது ஒரே மெசேஜை இரண்டு மூன்று குழுக்களுக்கு ஒரே தடவையில் அனுப்புவது. சர்வர் அத்தகைய மெசேஜின் தலைப்பில் எக்ஸ்ரெஃப் என்ற வரியில் எந்தெந்தக் குழுவில் என்னென்ன டோக்கன் என்று எழுதி அனுப்பும். க்னூஸ் குழுவை விட்டு வெளியேறும்போது அந்த வரியைப் பார்த்து மற்றக் குழுக்களிலும் படித்ததாக எழுதிவிடும். எக்ஸ்ரெஃப் தராத சர்வர் என்றால், பார்த்த மெசேஜ் ஐடிகளைத் தனிப் பட்டியலில் வைத்து இரட்டிப்பை மறைக்கும் வசதியும் உண்டு. ஆன் செய்ய வேண்டும். ஆனால் ஒருவர் அதே எழுத்தை ஒவ்வொரு குழுவுக்கும் தனித்தனியே அனுப்பியிருந்தால் ஐடியும் தனித்தனி. அதை எந்த ரீடராலும் கண்டுபிடிக்க முடியாது. எழுதியவரைத்தான் திட்ட வேண்டும்.

சர்வரை மாற்றும்போது

மேலப்பாளையம் டோக்கனைப் பேட்டையில் நீட்டுகிற கதை இது. பழைய சர்வரில் 5110 வரை படித்திருந்தீர்கள், புது சர்வர் அதே குழுவில் 38,000-ல் நிற்கிறது என்றால் எல்லாம் படிக்காததாகக் கொட்டும். எரிச்சல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரிகிற எரிச்சல். தலைகீழாக இருந்தால்தான் ஆபத்து: நோட்டில் 38,000 வரை படித்ததாக இருக்கிறது, புது சர்வர் 5110-ல் இருக்கிறது. வருவதெல்லாம் ஏற்கெனவே படித்த நம்பர். மாதக்கணக்கில் ஒன்றும் வராது, குழு செத்துப்போனது என்றே நினைத்துக்கொள்வீர்கள். சில ரீடர்கள் இந்த முரணைக் கண்டு தாமே வரியைத் துடைக்கும். நம்பி இருக்க வேண்டாம்.

சரியான வழி: புது சர்வருக்குப் புது நியூஸ்ஆர்சி. பழையதில் சந்தா உள்ள குழுக்களின் பெயர்களை மட்டும் எடுத்து, முக்காற்புள்ளிக்குப் பிறகு இருக்கும் நம்பர்களை அழித்து, புது ஃபைலாக வையுங்கள். பிறகு தண்டர்பேர்ட் என்றால் வெறும் சி அழுத்தி, கடைசியாகப் படித்த நாள் வரைக்கும் படித்ததாக்குங்கள். நம்பர் சர்வருக்குச் சர்வர் மாறும், மெசேஜில் எழுதியிருக்கும் தேதி மாறாது. மற்ற ரீடர்களில், 211 பதிலில் வரும் கடைசி நம்பரிலிருந்து எத்தனை மெசேஜ் பார்க்க வேண்டுமோ அதைக் கழித்து எழுதலாம்: 5110-ல் கடைசி 200 வேண்டுமென்றால் 1-4910.

கையால் திருத்தும்போது ரீடர் மூடியிருக்க வேண்டும். திறந்திருந்தால், அது வெளியேறும்போது தன் நினைவில் இருப்பதை உங்கள் திருத்தத்தின் மேல் எழுதிவிடும். நம்பர்களுக்கு நடுவில் இடைவெளி விடாதீர்கள். சிறியது முன்னால், பெரியது பின்னால். விண்டோஸ் நோட்பேடில் சேமித்தால் பிஓஎம் இல்லாத யூடிஎஃப்-8 என்று தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத மூன்று பைட் முதல் வரியின் முன்னால் ஒட்டிக்கொண்டு, அந்த முதல் குழு மட்டும் காணாமல் போகும்.

இரண்டு மெஷின்

பாளையங்கோட்டை ஹாஸ்டலில் ஒரு லேப்டாப், அம்பாசமுத்திரம் வீட்டில் ஒரு டெஸ்க்டாப். இரண்டிலும் ஒரே சர்வர் என்றால் மட்டும் நியூஸ்ஆர்சியை நகலெடுத்துப் போகலாம். பென்டிரைவ் போதும்: மூடியதும் எடு, திறக்கும் முன் போடு. ஃபைல்களை இரண்டு மெஷினிலும் ஒன்றாக வைத்திருக்கும் சிங்திங் மாதிரி தானியங்கி முறை வைத்திருப்பவர் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் ரீடரைத் திறந்து வைத்தால், மோதல் நகல் என்று இன்னொரு ஃபைல் உருவாகும்.

அதைக் கையால் சேர்க்கலாம். லேப்டாப்பில் 1-5040,5060-5110 என்றும் டெஸ்க்டாப்பில் 1-5055 என்றும் இருந்தால், இரண்டில் எதில் இருந்தாலும் படித்தது என்று எடுத்து 1-5055,5060-5110 என்று எழுதுங்கள். பாக்கி 5056 முதல் 5059 வரை நாலு. ஒரு சிக்கல் மட்டும் இதில் தீராது: பிறகு பார்க்கலாம் என்று லேப்டாப்பில் 4902-ஐ வேண்டுமென்றே படிக்காததாக்கி வைத்திருந்தால், டெஸ்க்டாப் அதைப் படித்தது என்கிறது, சேர்த்ததும் அது அமுங்கிவிடும். அப்படிப்பட்ட மெசேஜ்களை ஃபைலாகச் சேமித்து வைத்துவிடுவது நல்லது.

எஸ்எல்ஆர்என் வைத்திருப்பவருக்கு இந்தத் தலைவலியே வேண்டாம். எப்போதும் ஓடும் ஒரு மெஷினில் டிமக்ஸுக்குள் (தொடர்பு அறுந்தாலும் உள்ளே இருப்பதை ஓடவிடும் மென்பொருள்) அதைத் திறந்து வைத்து, மற்ற எல்லா இடத்திலிருந்தும், போனிலிருந்தும் கூட, தூரத்து மெஷினுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் வழியாகப் போய்ப் பார்க்கலாம். நோட்டு ஒன்று, எழுதும் கையும் ஒன்று. மாதாந்திரப் பராமரிப்புக்குக் கரண்ட் நிறுத்தப்போவதாக அறிவிப்பு வந்தால், காலை ஒன்பது மணிக்கு முன் கேபிடல் எக்ஸ்.